சுமேரியாவில் ஊர் சாமியுடையது, அரசன் அதன் காரியஸ்தன்

பழைய நாகரிகங்களில் மதமும் அரசும் ஒன்றாகத்தான் இருந்தனவா, பூசாரிகள் சாமி பேரைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் மக்களை ஆண்டார்களா, சிந்துவெளியிலும் இதே கதைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி என்பதால் பதில் கொஞ்சம் நீளும்.

எகிப்து, மெசபடோமியா, சிந்துவெளி, சீனா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் ஒன்றும் விளங்காது. நான் சுமேரியாவை எடுத்துக்கொள்கிறேன். இன்றைய ஈராக்கின் தெற்குப் பகுதி, ஏறக்குறைய கி.மு. 3300 முதல் 2000 வரை. ஏன் சுமேரியா என்றால், அவர்கள் களிமண்ணில் எழுதினார்கள், களிமண் மக்கிப்போகவில்லை. எந்த நெசவுக்காரிக்கு அந்த மாதம் எவ்வளவு பார்லி அளந்தார்கள் என்பதுவரை நம் கையில் இருக்கிறது. ஒரு ராஜா தன்னைப் பற்றிப் பெருமையாக எழுதிவைத்ததையும், அதே ராஜாவின் வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்க முடிகிற மிகப் பழைய இடம் அதுதான்.

சுருக்கமாக என் பதில்: அங்கே சாமி என்பது வானத்தில் எங்கோ இருக்கும் நம்பிக்கை மட்டும் இல்லை, ஊரில் வீடும் நிலமும் மாடும் வேலையாட்களும் வைத்திருக்கிற முதலாளி. அரசன் அந்தச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் காரியஸ்தன். இந்த ஒரு ஏற்பாட்டிலிருந்துதான் ஆட்சி, வரி, கூலி, சண்டை, சட்டம் எல்லாம் கிளைத்து வந்தன. ஆள்பவனுக்கு அது பெரிய வசதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதே நம்பிக்கை ஆள்பவனையும் கட்டிப்போட்டது. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். தெற்கு ஈராக்கில் மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாது. யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள்தான் கதி. நைல் நதியில் அறுவடை முடிந்த பிறகு கோடையில் வெள்ளம் வரும், வண்டலைப் போட்டுவிட்டு வடியும், அப்புறம் விதைக்கலாம். சுமேரியாவிலோ பனிமலை உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், பார்லிக் கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கிற அதே நேரத்தில். தண்ணீர் வேண்டிய விதைப்புக் காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். ஆகவே கரை கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், வருடா வருடம் தூர்வார வேண்டும். இது தனிக் குடும்பத்தால் ஆகிற வேலையில்லை. அந்த மக்களின் சாமிகள் ஏன் இவ்வளவு கோபக்காரர்களாகவும், முன்னறிவிப்பில்லாமல் மனம் மாறுகிறவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதற்கு இந்த ஆறுகள் ஒரு நல்ல காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எரிது என்ற ஊரில் 1940களில் அகழ்ந்தபோது, நன்னீரின் தெய்வமான என்கியின் கோயில் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினெட்டு அடுக்கு வரை தெரிந்தது. அடியில் இருப்பது ஒரு சின்ன மண்செங்கல் அறை. மேலே போகப்போகப் பெரிதாகி, மேடை ஏறி, பலிபீடம் வைத்து, படையலாக வைத்த மீன் முட்களோடு கிடைக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தை விட்டு நகராமல் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது உருக். கி.மு. 3200 வாக்கில் அது சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ள நகரம், அன்றைய உலகில் அதற்கு ஈடான ஊரே கிடையாது. இனான்னா தேவியின் எஆன்னா கோயில் வளாகம் அங்கேதான் இருந்தது.

எழுத்து பிறந்ததும் அந்த வளாகத்தில்தான். அங்கே கிடைத்த ஐயாயிரம் சொச்சம் பழைய களிமண் பலகைகளில் பத்தில் எட்டுக்கு மேல் கணக்கு: பார்லி வரவு, ஆடு எண்ணிக்கை, பீருக்கு எவ்வளவு தானியம், யாருக்கு எவ்வளவு படி (கூலியாக அளக்கும் தானியம்). மிச்சம் சொற்பட்டியல்கள். அதில் ஒன்று பதவிகளையும் தொழில்களையும் மேலிருந்து கீழே வரிசைப்படுத்திய பட்டியல். அதை ஆயிரம் ஆண்டு கழித்தும் பிள்ளைகள் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்குத் துதிப்பாடல், கதை என்றெல்லாம் எழுத்தில் வருவது கி.மு. 2600 வாக்கில்தான். அதாவது சாமியின் கிடங்கைப் பற்றி எழுதத் தொடங்கி அறுநூறு ஆண்டு கழித்துத்தான் சாமியைப் பற்றி எழுதினார்கள். அதே காலத்து மண்ணில் விளிம்பு சரிந்த முரட்டுக் கிண்ணங்கள் கணக்கே இல்லாமல் கிடைக்கின்றன, அச்சில் அழுத்தி அவசரமாகச் செய்தவை. வேலையாட்களுக்குப் படி அளந்த கிண்ணங்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஒரு தலை, அதன் வாயருகே ஒரு கிண்ணம், இதுதான் அந்த எழுத்தில் உண்பது என்பதற்கும் கூலிப்படி என்பதற்கும் உரிய குறி.

சரி, சாமி முதலாளி என்றால் நடைமுறையில் என்ன? கோயில் என்பது சாமியின் வீடு. கூட்டமாகப் போய்க் கும்பிடும் இடமாக அது கட்டப்படவில்லை, உள்ளே சாதாரண ஆள் போகவும் முடியாது. வீட்டில் சாமிக்குப் படுக்கை உண்டு, துணி உண்டு, குடும்பம் உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு. பிற்காலத்து உருக் நூல் ஒன்றில் ஒரு நாளைக்கு நான்கு வேளைப் படையல் விரிவாக எழுதியிருக்கிறது, காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. சாமி உண்ட மிச்சம் அரசனுக்குப் போகும். அந்தப் படையலுக்குத் தானியம் வேண்டும், தானியத்துக்கு நிலம், நிலத்துக்கு ஏர்மாடு, உழவன், வாய்க்கால், கணக்கன், கிடங்கு. இப்படியே பின்னால் போனால் ஒரு முழு ஊர் வந்து நிற்கிறது.

சிலையைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டு நகர்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. புதிய சிலையை உயிர்ப்பிக்க "வாய் கழுவுதல்" என்ற சடங்கு செய்வார்கள். கி.மு. முதலாம் ஆயிரத்தில் எழுதப்பட்ட அதன் விவரப்படி, சிலை செய்த கைவினைஞர்களின் கைகளைக் கட்டி, ஆற்றோரத்து டாமரிஸ்க் மரத்தில் செய்த கத்தியால் வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். அவர்களும் "இதை நான் செய்யவில்லை, சாமிதான் செய்தது" என்று சத்தியம் செய்வார்கள். தன் கையால் செய்தது என்று தெரிந்தே அதை அப்பால் கொண்டுபோய் நிறுத்தும் இந்த முயற்சியை ஏமாற்று வேலை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியாது. அவர்கள் யோசித்திருக்கிறார்கள், அந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள்.

மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பதற்கும் அவர்களிடம் தெளிவான பதில் உண்டு. அத்ரஹாசிஸ் என்ற பாபிலோனியக் காவியத்தில், நமக்குக் கிடைத்த முக்கியமான நகல் கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முதலில் சின்னத் தெய்வங்கள்தான் வாய்க்கால் வெட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் மண் சுமந்து பொறுக்க முடியாமல் ஒருநாள் கருவிகளைத் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் தலைமைத் தெய்வமான என்லிலின் வீட்டைச் சூழ்ந்துகொள்கின்றன. வேலைநிறுத்தம்தான், வேறென்ன சொல்வது? தீர்வாக ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் இரத்தத்தைக் களிமண்ணில் பிசைந்து மனிதனைச் செய்கிறார்கள், இனி மண் சுமப்பது அவன் பாடு. பிறகு மனிதர்கள் பெருகிச் சத்தம் தாங்காமல் என்லில் வெள்ளத்தை அனுப்புகிறார், மனிதன் அழிகிறான், படையல் போட ஆளில்லை, தெய்வங்கள் பசியில் வாடுகின்றன, கடைசியில் தப்பிப் பிழைத்த ஒருவன் படைத்த உணவை ஈ மாதிரி மொய்க்கின்றன. கட்டாய உழைப்பை நியாயப்படுத்தும் கதை என்று இதைப் படிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் வேலைப்பளு தாங்காமல் கருவியை எரிப்பது நியாயம் என்பதையும், உழைப்பவன் செத்தால் முதலாளி பட்டினி என்பதையும் அதே கதை சொல்கிறது.

இப்போது பயமுறுத்தல் விஷயத்துக்கு வருகிறேன். நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினார்கள் என்று நினைத்தால், சுமேரியாவில் அந்தச் சரக்கே இல்லை. செத்த பிறகு நல்லவனும் கெட்டவனும் போவது ஒரே இருண்ட பாதாளத்துக்கு, அங்கே தூசிதான் சாப்பாடு. அங்கே நிலைமை கொஞ்சம் மேலாக இருப்பதற்குப் புண்ணியம் உதவாது, பிள்ளைகள்தான் உதவுவார்கள். கில்கமேஷும் என்கிடுவும் பாதாளமும் பற்றிய சுமேரியப் பாட்டில் ஒரு மகனைப் பெற்றவன் அழுகிறான், ஏழு மகன்களைப் பெற்றவன் சின்னத் தெய்வங்களோடு உட்கார்ந்திருக்கிறான், படையல் வைக்க யாருமில்லாதவன் தெருவில் எறிந்த எச்சிலைத் தின்கிறான். பயம் எல்லாம் இந்த உலகத்தைப் பற்றியதுதான்: வெள்ளம், நோய், பஞ்சம், எதிரிப் படை. சாமி கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டால் இவை வரும். அந்தக் கோபம் தனி மனிதன் மேல் வருவதைவிட ஊர் மேல், முக்கியமாக ஊரை நடத்துகிறவன் மேல் வரும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமை இல்லை என்று சொல்ல வரவில்லை. உர் நகரத்தில் லியனார்ட் வுல்லி 1920களில் தோண்டிய அரச கல்லறைகள் சுமார் கி.மு. 2600-2450 காலத்தவை. அதில் ஒரு குழியில் 74 பேர், 68 பேர் பெண்கள், தங்க இலை, நீலக்கல் மணி எல்லாம் சூடி வரிசையாகக் கிடந்தார்கள். எசமானரோடு போக விரும்பி நஞ்சு குடித்து அமைதியாக உயிர்விட்டவர்கள் என்று வுல்லி எழுதினார். பின்னாளில் அந்தக் கல்லறைகளிலிருந்து வந்த இரண்டு மண்டையோடுகளை ஊடுகதிர் படமெடுத்துப் பார்த்ததில் கனமான கருவியால் அடித்துக் கொன்ற காயம் தெரிந்தது. விரும்பித்தான் போனார்கள் என்ற அழகான கதையை இனிமேல் யாரும் சொல்லக் கூடாது.

ஊரை நடத்துகிறவனுக்குக் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப என், என்சி, லுகல் என்று வெவ்வேறு பட்டங்கள். லகாஷ் நாட்டில் என்சி என்றால் நின்கிர்சு தெய்வத்தின் சார்பில் நிர்வாகம் பார்ப்பவன். லகாஷுக்கும் பக்கத்து உம்மாவுக்கும் குவெதென்னா என்ற மேய்ச்சலும் பாசனமும் உள்ள நிலத்துக்காக நூற்றைம்பது ஆண்டு வாக்கில் சண்டை நடந்தது. கி.மு. 2400 வாக்கில் என்மெதெனா என்ற லகாஷ் ஆட்சியாளர் அந்த வரலாற்றை ஒரு களிமண் கூம்பில் எழுதிவைத்தார். அது எப்படித் தொடங்குகிறது தெரியுமா? எல்லா நாட்டுக்கும் அரசனான என்லில், நின்கிர்சுவுக்கும் உம்மாவின் தெய்வமான ஷாராவுக்கும் எல்லை வகுத்தார் என்று. அதாவது வழக்கு இரண்டு நில உடைமைக்காரர்களுக்கு நடுவில், இருவரும் தெய்வங்கள். பிறகுதான் மனிதர்கள் வருகிறார்கள்: கிஷ் மன்னன் மெசிலிம் நிலத்தை அளந்து கல் நட்டான், உம்மாக்காரன் கல்லைப் பிடுங்கினான், குத்தகைப் பார்லி பாக்கி வைத்தான், வட்டிமேல் வட்டி ஏறியது, வாய்க்கால் தண்ணீரைத் திருப்பினான். கிராமத்து வரப்புத் தகராறு எழுதின மாதிரி இருக்கும் படித்தால். இதற்கு முன்னால் லகாஷின் ஆட்சியாளர் எஅன்னாதும் வென்றபோது நட்ட கல்லில், இன்று லூவர் அருங்காட்சியகத்தில் துண்டுகளாக இருக்கிறது, நின்கிர்சுவே எதிரிகளை வலையில் அள்ளிப் பிடித்திருக்கிறார். தோற்ற உம்மா ஆட்சியாளன் ஒவ்வொரு பெரிய தெய்வத்தின் வலைமேலும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது, கண்ணுக்கு மை தீட்டிய புறாக்களைப் பறக்கவிட்டார்கள். ஒப்பந்தத்தை மீறினால் அடுத்தவன் படை வருவதற்கு முன் தன் சாமியே தன்னைப் பிடிக்கும் என்பதுதான் அங்கே சர்வதேசச் சட்டம்.

இனி நான் அதிகமாகப் பேச விரும்பும் ஆள்: உருஇனிம்கினா, பழைய புத்தகங்களில் உருககினா. கி.மு. 2350 வாக்கில் லகாஷில் ஆட்சிக்கு வந்தவர். தனக்கு முன் நடந்த அநியாயங்களைப் பட்டியல் போட்டு, எதையெல்லாம் நிறுத்தினேன் என்று எழுதிவைத்தார். சாமியின் மாடுகள் என்சியின் வெங்காயத் தோட்டத்தை உழுதன. படகு, ஆடு, மீன்குளம் எல்லாவற்றிலும் அதிகாரி கைவைத்தான். பிணத்தைப் புதைக்க வந்தவன் 7 குடம் பீரும் 420 ரொட்டியும் தானியமும் துணியும் கட்டிலும் வாங்கிக்கொண்டு போனான். இனி 3 குடம் பீர், 80 ரொட்டி என்று இவர் குறைத்தார். பெரிய மனிதன் எளியவனின் வீட்டையோ கழுதையையோ வாங்க ஆசைப்பட்டால், நல்ல வெள்ளியாக விலை கொடு என்று எளியவன் கேட்கலாம், விற்க மாட்டேன் என்றாலும் அவனை அடிக்கக் கூடாது. அநாதையையும் விதவையையும் வலியவன் கையில் விடமாட்டேன் என்று நின்கிர்சுவுக்கு வாக்குக் கொடுத்ததாக முடிக்கிறார்.

நாலாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் பிணம் புதைக்கும் கட்டணத்தைக் குறைத்து அதைப் பெருமையாக எழுதிவைத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். ஆனால் முக்கியமான குற்றச்சாட்டு எது என்று கவனியுங்கள். ஆள்பவர்கள் சாமியின் சொத்தைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள் என்பதுதான். பரிகாரமாக அவர் செய்தது, என்சியின் வீட்டையும் நிலத்தையும் நின்கிர்சு பேருக்கும், ராணியின் பண்ணையை நின்கிர்சுவின் மனைவி பாவு பேருக்கும், பிள்ளைகளின் பங்கை அந்தத் தெய்வங்களின் மகன் பேருக்கும் திருப்பி எழுதியது.

அதிர்ஷ்டவசமாக அந்த ராணியின் பண்ணைக் கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது, ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பலகைகள். முந்தைய ஆட்சியாளர் லுகலந்தாவின் மனைவி பரனம்தர்ரா அதை நடத்தினார், பக்கத்து நாட்டு ராணியோடு பரிசுப் பொருள் பரிமாற்றமெல்லாம் செய்தார். உருஇனிம்கினா வந்த பிறகு பண்ணையின் பெயர் பாவுவின் வீடு என்று மாறியது. நடத்தியது யார்? அவருடைய மனைவி ஷஷா. பண்ணை சுருங்கவும் இல்லை, ஆட்களும் செலவும் கூடியிருக்கிறது. இதை வைத்து அவர் சீர்திருத்தம் வெறும் வேஷம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். சாமி பேரில் இருக்கும் சொத்துக்கும் ராணி பேரில் இருக்கும் சொத்துக்கும் நிர்வாகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம், ஆனால் கேள்வி கேட்கும் இடத்தில் வித்தியாசம் உண்டு. முதலாளியிடமே போய்க் கணக்கு கேட்க முடியாது, காரியஸ்தனிடம் கேட்கலாம். அந்தக் கேள்வியைத்தான் அவர் முன்னவர்களைப் பார்த்துக் கேட்டார், கேட்டதன்மூலம் தன்னையும் அதே கேள்விக்கு உட்படுத்திக்கொண்டார்.

இந்தப் பாவு கணக்கை வைத்துத்தான் அன்டோன் தைமெல் என்ற ஜெர்மானிய அறிஞர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு முடிவுக்கு வந்தார்: சுமேரிய நகரத்தின் நிலம் அத்தனையும் கோயிலுக்குச் சொந்தம், மக்கள் எல்லோரும் கோயில் ஊழியர்கள் என்று. பாடநூல்களில் இன்னும் வரும் "கோயில் அரசு" என்ற கருத்துக்கு வேர் அதுதான். 1950, 60களில் இகோர் தியாகனோவும் இக்னஸ் கெல்பும் இதை உடைத்தார்கள். பாவுவின் பண்ணை லகாஷ் நிலத்தில் ஒரு பகுதிதான், தனியார் குடும்பங்கள் நிலம் விற்ற ஆவணங்கள் கல்லிலும் களிமண்ணிலும் இருக்கின்றன. கோயில் நிலமே மூன்று வகை: சாமிக்காக நேரடியாக உழுவது, ஊழியருக்குச் சம்பளமாக விட்டது, குத்தகைக்கு விட்டது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: கோயில், அரண்மனை, தனிக் குடும்பங்கள் மூன்றும் இருந்தன, மூன்றும் "வீடு" என்ற ஒரே அச்சில் நடந்தன, அவற்றுக்குள் இழுபறியும் இருந்தது. பூசாரிகள் தனியாக உட்கார்ந்து ஆண்ட காலம் என்று நிச்சயமாகக் காட்ட முடிகிற ஒன்று கிடையாது.

உருஇனிம்கினாவின் முடிவு வருத்தமானது. பத்து ஆண்டுக்குள் உம்மாவின் லுகல்சகெசி வந்து லகாஷின் கோயில்களைக் கொளுத்தி, வெள்ளியையும் நீலக்கல்லையும் வாரிக்கொண்டு போனான். அதை வரிசையாகப் பதிவுசெய்த ஒரு லகாஷ்க்காரர் கடைசியில் எழுதுகிறார்: கிர்சுவின் (லகாஷ் நாட்டு நகரம்) அரசன் உருஇனிம்கினா மேல் குற்றம் இல்லை, இந்தப் பாவத்தை லுகல்சகெசியின் தெய்வமான நிதபா தன் கழுத்தில் சுமக்கட்டும். தோற்றவனிடம் வேறு ஆயுதம் இல்லை, எதிரியின் சாமியிடமே எதிரிமேல் புகார் கொடுக்கிறான். சில ஆண்டு கழித்து வடக்கே இருந்த அக்காத் நகரத்து அரசன் சர்கோன் (சுமார் கி.மு. 2334-2279) லுகல்சகெசியைத் தோற்கடித்துக் கழுத்தில் மரக்கட்டை மாட்டி நிப்பூரில் என்லிலின் வாசலுக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தினான். ஏன் நிப்பூர்? அந்த ஊருக்குப் படையும் இல்லை, பேரரசும் இல்லை. ஆனால் என்லில் ஒப்புக்கொள்ளாமல் யாரும் நாடு முழுவதற்கும் அரசனாக முடியாது.

சர்கோன் தன் மகள் என்ஹெதுவன்னாவை உர் நகரில் நிலா தெய்வம் நன்னாவின் தலைமைப் பூசாரியாக்கினான். வடக்கிலிருந்து வந்த புதிய ஆட்சி தெற்கு நகரங்களின் மனத்தில் இடம்பிடிக்க அது அரசியல் ஏற்பாடு. அவளுடைய உருவமும் பெயரும் உள்ள வட்டக்கல்லை வுல்லி குழு உர் அகழ்வில் கண்டெடுத்தது. பல துதிப்பாடல்கள் அவள் பெயரில் வழங்குகின்றன, உலகில் பெயர் தெரிந்த முதல் கவி என்று சொல்வது இதை வைத்துத்தான், எல்லாமே அவள் எழுதியதா என்பதில் விவாதம் உண்டு. சர்கோனுடைய பேரன் நராம்சின் ஒரு படி மேலே போனான், தன்னையே தெய்வமாக்கிக்கொண்டான். பஸ்ஸெத்கி என்ற இடத்தில் கிடைத்த செப்புச் சிலையின் எழுத்து அதை விளக்குகிறது: நாலு திசையும் கிளர்ந்தபோது ஒரே ஆண்டில் ஒன்பது போர் வென்றதால், அக்காத் நகரத்து மக்களே பெரிய தெய்வங்களிடம் கேட்டு அவனைத் தங்கள் ஊர் சாமியாக்கிக் கோயில் கட்டினார்கள் என்று. சாமியாவதற்கும் ஊர்மக்களின் விண்ணப்பமும் மற்ற தெய்வங்களின் சம்மதமும் வேண்டியிருக்கிறது பாருங்கள்! பிற்காலத்தார் அவனை மன்னிக்கவில்லை. என்லிலின் கோயிலை இடித்ததால் அக்காத் அழிந்தது என்று ஒரு பாட்டே எழுதினார்கள். உண்மையில் அவன் அந்தக் கோயிலைப் புதுப்பிக்கத்தான் செய்தான் என்பது அவன் காலத்துக் கணக்குகளில் தெரிகிறது.

மூன்றாம் உர் வம்சம் (கி.மு. 2112-2004) வரும்போது ஏற்பாடு மிகவும் இறுகிவிடுகிறது. ஷுல்கி 48 ஆண்டு ஆண்டான், அவனும் தெய்வமானான். மாகாணங்கள் முறைவைத்து மைய அரசுக்குப் பொருள் அனுப்ப வேண்டும், ஆடுமாடு மட்டும் கணக்குப் பார்க்கத் தனி ஊரே இருந்தது. ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30 சிலா என்பது வழக்கமான படி, ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள், பலர் போரில் பிடிபட்டவர்கள், பிள்ளைகளோடு. பிள்ளைகளுக்கும் வயதுக்குத் தக்க 10, 15, 20 சிலா. பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் "இறந்தாள்" என்ற குறிப்பு மட்டும் இருக்கும். பார்லிக் கடனுக்கு 33 சதவீதம், வெள்ளிக் கடனுக்கு 20 சதவீதம் வட்டி. கட்ட முடியாதவன் தன்னையோ பெண்டு பிள்ளைகளையோ அடகு வைத்தான். சுமேரியாவைப் பெருமையாகப் பேசும்போது இந்தப் பெண்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம், அந்தத் துணி ஏற்றுமதியில்தான் அரண்மனைக்குச் செம்பும் கல்லும் வந்தன.

அதே வம்சத்தின் ஊர்நம்மு பெயரில்தான் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சட்டத்தொகுப்பு இருக்கிறது. கண்ணைக் குத்தினால் அரை மினா வெள்ளி அபராதம் (மினா என்பது ஓர் எடை அளவு). கண்ணுக்குக் கண் என்பது முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்துப் பாபிலோன் மன்னன் ஹம்முராபியிடம்தான் வருகிறது, அதுவும் உயர்ந்த நிலையில் இருப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் குற்றத்துக்கு மட்டும். எளியவன் கண்ணுக்கு அங்கும் வெள்ளிதான். காலம் போகப்போகச் சட்டம் மென்மையாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கி.மு. 2004இல் கிழக்கே இருந்த ஏலாமியர் உர் நகரத்தை எடுத்தார்கள், கடைசி அரசன் இப்பிசின் கைதியாகப் போனான். அதற்கு முன்பே தானிய விலை எகிறி, மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டிருந்தன. பிறகு எழுதிய புலம்பல் பாட்டில் நன்னா தன் தந்தை என்லிலிடம் போய் என் ஊர் என்ன தப்பு செய்தது என்று கேட்கிறார். என்லில் குற்றம் எதுவும் சொல்லவில்லை. உர் நகருக்கு அரசாட்சி கொடுக்கப்பட்டது, நிரந்தர ஆட்சி கொடுக்கப்படவில்லை, எந்த ஊரின் ஆட்சி என்றைக்கும் நிலைத்ததை யார் கண்டது என்கிறார். அரசர் பட்டியல் என்ற நூலும் இதையேதான் சொல்கிறது: அரசாட்சி வானத்திலிருந்து எரிதுவில் இறங்கியது, அப்புறம் ஊர் ஊராகக் கைமாறிக்கொண்டே போனது. அதில் கிஷ் நகரத்தை ஆண்டவர்களில் ஒருத்தி கள்ளுக்கடை நடத்திய கூபாவு. பரம்பரை ரத்தம்தான் அரசாளும் என்ற எண்ணம் அவர்களிடம் முழுதாக இறுகவில்லை என்பதற்கு அவள் பெயர் போதும். மிகவும் பிற்பாடு, பாபிலோனின் புத்தாண்டு விழாவில் பூசாரி அரசனின் செங்கோலையும் மகுடத்தையும் வாங்கிவைத்துவிட்டுக் கன்னத்தில் அறைந்து காதைப் பிடித்து மண்டியிட வைப்பார், அவன் நான் ஊரைக் கெடுக்கவில்லை, ஊரார் கன்னத்தில் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நம்மிடம் இருக்கும் நகல் கிரேக்கர் ஆட்சிக் காலத்தது, ஆனால் எண்ணம் உருஇனிம்கினா காலத்திலிருந்து வருகிற அதே எண்ணம்.

கடைசியாகச் சிந்துவெளி. இரண்டு நாகரிகத்துக்கும் தொடர்பு இருந்தது உறுதி. மெலுஹா, மாகன், தில்முன் என்ற நாடுகளின் கப்பல்கள் அக்காதின் துறையில் நிற்கின்றன என்று சர்கோன் எழுதிவைத்தான், மெலுஹா என்பது சிந்துவெளிப் பகுதி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். சிந்து முத்திரைகளும் சிவப்பு மணிகளும் உர் நகரில் கிடைத்தன. மெலுஹா மொழிபெயர்ப்பாளன் ஷுஇலிஷு என்று ஒருவனின் முத்திரை லூவரில் இருக்கிறது, லகாஷ் பகுதியில் மெலுஹா பேரில் ஒரு கிராமமும் இருந்தது. ஆனால் தொடர்பு இருந்ததால் ஆட்சியும் அப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. மொகஞ்சதாரோவில் இதுதான் கோயில், இதுதான் அரண்மனை என்று ஐயமில்லாமல் காட்டக்கூடிய கட்டடம் இல்லை, உர் மாதிரி அரச கல்லறை இல்லை, எதிரியை வலையில் பிடிக்கும் சிற்பமும் இல்லை. சிந்துவெளி எழுத்தில் இருப்பது திராவிட மொழி என்று அஸ்கோ பர்போலாவும் ஐராவதம் மகாதேவனும் வலுவான காரணங்களோடு வாதிட்டார்கள், ஆனாலும் எல்லோரும் ஏற்கும்படி அது இன்னும் படிக்கப்படவில்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த, 17 சென்டிமீட்டர் சொச்சம் உயரமுள்ள தாடிக்காரச் சிலைக்குப் "பூசாரி அரசன்" என்று பெயர் வைத்ததே, சுமேரியாவைப் பற்றி அன்று இருந்த எண்ணத்தை அங்கே கொண்டுபோய் ஒட்டியதால்தான். அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரம் இல்லை, அரசன் என்பதற்கும் இல்லை.